மாமியார் சிரித்தால் கடல் அமைதி

போர்க்காலத்தில் வானொலியில் சிரிப்புக் காட்டுவது, சாவு வீட்டில் காப்பி கொடுப்பது மாதிரி. யாரும் கேட்டு வாங்குவதில்லை, கொடுக்காவிட்டால் மட்டும் குறை சொல்வார்கள்.

வங்கதேசப் போர் நடந்த டிசம்பரில் நான் திருவனந்தபுரத்தில் இந்த வேலையைத்தான் பார்த்தேன். எங்கள் வானொலி நிலையத்தில் தினமும் சாயங்காலம் வீட்டு நேயர்களுக்காகத் தமிழில் ஓர் அரைமணி உண்டு. ஒரு சமையல் குறிப்பு, ஒரு பாட்டு, பிறகு மாமியார் மருமகள் நாடகம். எழுதுவது நான். மருமகளாகப் பேசுவதும் நான். மாமியாராகப் பேச, கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து விசாலம் மாமி வருவாள். ஆள் ஒரு கைப்பிடி. குரல் மட்டும் தேர்வடம் மாதிரி நீண்டு கனத்து வரும். ஒலிநாடாக்களையெல்லாம் போர்ச் செய்திக்கு ஒதுக்கிவிட்டதால் நாடகம் நேரடியாகவே போகும். பேசியது பேசியதுதான், காற்றோடு சரி. மேலே இருப்பவர் வெட்டித் தந்த மிச்சத்தைச் சிரித்த முகத்தோடு வாசித்துப் பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு அந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னால் புரியும்.

மிளகாயும் எதிரியும்

போர் தொடங்கியதும் வானிலை ராணுவ ரகசியமாகிவிட்டது. மழை, வெயில், காற்று எதையும் ஒலிபரப்பில் சொல்லக்கூடாது. எதிரி விமானி கேட்டுவிடுவான். நாடகம் முடிந்ததும் கடலுக்குப் போகிறவர்களுக்காக நான் வாசித்துவந்த வானிலை அறிவிப்பும் நின்றது. அந்த இடத்தில் ஒரு வீணை இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். இந்த உத்தரவைக் காப்பாற்றும் பொறுப்பு எங்கள் அதிகாரி குறுப்பு சாருடையது. நல்ல மனிதர். ஓய்வுபெறக் கொஞ்ச காலமே இருந்தது; அந்தக் கொஞ்ச காலத்தை முட்டையைப் போலக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். நாகர்கோவிலில் இருந்தபோது படித்த தமிழை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக விரல் வைத்து வாசிப்பார்.

அன்று சமையல் குறிப்பு மோர்மிளகாய். "நாலு நாள் நல்ல வெயிலில் உலர்த்தவும்" என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. "இங்கே நாலு நாள் மழை இல்லைன்னு இதில் தெரியுதே" என்றார். "அது மிளகாய்க்காகச் சொன்னது, சார்" என்றேன். "மிளகாய் மட்டுமா ரேடியோ கேட்கிறது?" என்று சிவப்பு மையால் வெயிலை அணைத்தார். கடைசியில் மிஞ்சியது இதுதான்: "மிளகாயை மோரில் ஊறவைத்து எடுக்கவும். பிறகு அது உலரும்." காலையிலேயே ஒத்திகைக்கு வந்துவிட்ட மாமி அதை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "வாஸ்தவம்தான். சத்ருவுக்கு மோர்மிளகாய் போடத் தெரிஞ்சுட்டா அப்புறம் நம்ம கதி என்னாறது?"

தாளிக்காத வீடு

வெடிச்சத்தம் போல எதுவும் ஒலிபரப்பில் கேட்கக்கூடாது என்பது இன்னோர் உத்தரவு. எங்கள் நாடகத்தில் நடப்பதெல்லாம் சமையலறையில். கடுகு வெடிப்பதற்கு நான் மைக்குக்குப் பக்கத்தில் கண்ணாடிக் காகிதத்தைக் கசக்குவேன். குறுப்பு சார் அதைத் துப்பாக்கிச் சூடு என்று நிறுத்திவிட்டார். ஆகவே போர் தொடங்கியதிலிருந்து எங்கள் நாடக வீட்டில் சாம்பார் உண்டு, ரசம் உண்டு, தாளிப்பு கிடையாது.

இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அன்று காலை தொலைபேசியில் ஒரு நேயர் வந்தார். குரலை வைத்துப் பார்த்தால் எழுபது வயதிருக்கும். பெயர் சொல்லவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தார். "உங்காத்து மாமியார் ஏன் எரிஞ்சு விழறான்னு எங்காத்துல எல்லாரும் அவளையே குத்தம் சொல்றா. யுத்தம் வந்ததுலேர்ந்து தாளிக்காத குழம்பை ஊத்தினா யாருக்குத்தான்டிம்மா கோபம் வராது?"

கூடையோடு வந்த நேயர்

போரை முன்னிட்டு நிலைய வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலரை நிறுத்தியிருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் அவரே உள்ளே வந்து, "வெளியில ஒரு ஸ்திரீ. மாமியாரைப் பார்க்காம போகமாட்டேங்கறா" என்றார். போய்ப் பார்த்தேன். மீன் கூடையைத் துப்பாக்கிக்காரரின் நாற்காலியில் வைத்துவிட்டு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பெயர் புஷ்பம். பிறந்தது குளச்சல் பக்கம், வாழ்க்கைப்பட்டது விழிஞ்ஞத்தில். அதனால் தமிழ் அரைமணி அவளுக்கு அம்மா வீடு மாதிரி.

"மாமியா இருக்காவளா?" என்றாள். அவர் ஒத்திகையில் இருக்கிறார், நான்தான் மருமகள் என்றேன். ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா அது? வாய்க்கு ஆளு இத்திரி மெலிவாட்டுல்லா இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு மாமியா ஏசுவாவளா, சிரிப்பாவளா?" என்று கேட்டாள். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? கதை தெரியாமல் தூக்கம் பிடிக்காத நேயர் ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கிறாள். நான் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு, சாயங்காலம் கேளுங்கள் என்றேன். புஷ்பத்துக்கு எரிச்சல் வந்தது. "சாயங்காலம் கேட்டா போதுமா பிள்ளே? அதப் பாத்துல்லா வள்ளம் இறக்கணும்."

சர்க்கார் கைவிடாது

அவளை மரத்தடியில் உட்காரவைத்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வானிலை அறிவிப்பு நின்றதும் விழிஞ்ஞம் கரையில் கூடி யோசித்திருக்கிறார்கள். சர்க்கார் சொல்லாமல் விடாது; போர் என்பதால் மறைத்துச் சொல்லும். எதில் மறைத்திருக்கும்? சமையல் குறிப்பை அலசினார்கள், ஒன்றும் தேறவில்லை. பாட்டும் தேறவில்லை. போர் தொடங்கிய மறுநாள் நாடகத்தில் மாமியார் மருமகளை வறுத்தெடுத்தாள். அன்று இரவு கடல் பொங்கியது. அதற்கடுத்த நாள் மாமியார் கடைசியில் சிரித்தாள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. மறுபடி ஏசினாள், மறுபடி பொங்கியது. அவ்வளவுதான். சாயங்காலமானால் டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஆண்கள் உட்கார்வார்கள். மாமியார் சிரித்தால் வள்ளம் இறங்கும். ஏசினால் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். புஷ்பத்தின் புருஷன் சூசையும் அவர் தம்பியும் ஒரே வள்ளத்தில் போகிறவர்கள்.

நானோ கதை போகிற போக்கில் எழுதுகிறேன். ஒரு நாள் எனக்குத் தலைவலி என்றால் மாமியார் ஏசுவாள். ஒரு நாள் எழுதச் சோம்பல் என்றால் சிரித்து முடித்துவிடுவாள். கெஞ்சாத குறையாகச் சொன்னேன்: "அக்கா, அதெல்லாம் வெறும் கதை. வானிலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கர்த்தர் மேல ஆணை." புஷ்பம் என்னைக் கனிவோடு பார்த்தாள். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். "பின்ன நீ என்ன சொல்லுவ? அப்பிடித்தான் சொல்லணும்னு உங்களுக்கு உத்தரவு இருக்கும்."

ஒற்றுமை

மத்தியானம் குறுப்பு சார் என்னைக் கூப்பிட்டார். மேலிடத்திலிருந்து புதிய உத்தரவு வந்திருந்தது: போர்க்காலத்தில் வீட்டுக்குள் சண்டை கூடாது. நாட்டின் ஒற்றுமை வீட்டில் தொடங்குகிறது. ஆகவே மாமியார் இன்று முதல் மருமகளிடம் அன்பாக இருக்கவேண்டும், முடிவில் சிரிக்கவேண்டும். "தினமுமா, சார்?" என்றேன். "யுத்தம் முடியும் வரை" என்றார். நான் அவர் முன்னாலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மருமகள் காப்பி கொண்டுவருகிறாள், மாமியார் மெச்சுகிறாள், கடைசியில், "நீ எனக்கு மருமகள் இல்லை, மகள்" என்று சொல்லிச் சிரிக்கிறாள். எழுதி முடித்தபோது எனக்கே வாய் தித்தித்துத் திகட்டியது.

ஒத்திகையில் மாமி பட்ட பாடு! முப்பது வருடம் உறுமிய தொண்டையிலிருந்து தேனை இறக்கவேண்டும். "கண்ணே" என்பாள், நிறுத்துவாள், தண்ணீர் குடிப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலியளவைப் பார்க்கும் பொறியாளர் சங்கரன்குட்டி, மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து தலையை நீட்டினான். "மாமி, ஊசி அசையவே இல்லை. ஸ்நேகத்துக்கு இவ்வளவு சத்தம்தான்னா நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாமே."

பூட்டிய மேஜை

வானிலை அறிவிப்பு நின்றதே தவிர, அதற்கான தந்தி தினமும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தந்திக்கு யாரும் போரைப் பற்றிச் சொல்லவில்லை போலும். அதை மொழிபெயர்ப்பது என் பழைய வேலை. ஆகவே பழக்க தோஷத்தில் கடைநிலை ஊழியர் அன்றும் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இரவில் பலத்த காற்று, கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் இறங்கவேண்டாம். படித்ததும் எழுத்துகள் எல்லாம் சூசையின் தலையாகவும் அவர் தம்பியின் தலையாகவும் மிதந்தன.

குறுப்பு சாரிடம் கொண்டுபோய், புஷ்பம் சொன்னதையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போய் நேரில் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் போய்ச் சேர்வதற்குள் நாடகம் முடிந்து வள்ளம் இறங்கியிருக்கும். அதுவும் போக, மருமகள் பேச்சை அந்தக் கரையில் யார் மதிப்பார்கள்? நாடகத்தில் மாமியாரை ஒருமுறை ஏசவிடுங்கள் என்று கேட்டேன். ஒற்றுமை உத்தரவில் தன் கையெழுத்து இருப்பதாகச் சொன்னார். தந்தியை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டார். வெகுநேரம் சன்னல் வழியாகத் தென்னைகளைப் பார்த்தார். அவை ஆடத் தொடங்கவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வானிலை வார்த்தை ஒண்ணுகூட என் காதில் விழக்கூடாது. கேட்டியோ? வானிலை வார்த்தை."

சிவப்பு விளக்கு எரிந்தபோது

ஒலிபரப்பு அறைக்குள் நுழையும்போது மாமியின் காதில், "இன்னிக்கு என்னைத் திட்டணும், மாமி. கடைசிவரைக்கும் சிரிக்கக்கூடாது" என்றேன். "எதுக்குடி?" "சிரிச்சா ரெண்டு பேர் செத்துப்போவா." மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "அம்மா, காப்பி" என்றேன் நான். நான் எழுதிக் கொடுத்த தாளை அவள் கவிழ்த்து வைத்தாள்.

"காப்பியா இது? பாலா, பாலைப் பார்த்துட்டு வந்த தண்ணியா? டம்ளர் கழுவின லட்சணம் நாக்குல தெரியறது" என்று தொடங்கினாள். ஆற்றில் மதகு திறந்தாற்போல வந்தது. என் நடை, என் உடை, நான் அரிசி களைகிற விதம். சிறிது நேரத்தில் நாடக மருமகளின் குற்றங்கள் தீர்ந்துபோய், என் சொந்தக் குற்றங்களுக்கு வந்துவிட்டாள். "எம்.ஏ. படிச்சாளாம். அரிசியில கல் கண்ணுக்குத் தெரியல்ல, நிலாவைப் பத்திக் கவிதை எழுதத் தெரியறது." நிலா வானிலையில் சேருமா சேராதா என்று கண்ணாடிக்குப் பின்னால் குறுப்பு சார் தவிப்பது தெரிந்தது. மாமி அவரையும் விடவில்லை. "மோர்மிளகாய் எங்கேடி? ஊறப்போட்டதோட சரி. எப்படி உலர்த்தணும்னு கேட்டா, அதுவா உலருமாம்! இந்தாத்துல கடுகு வெடிச்சு எத்தனை நாளாச்சு? கடுகு யாரை என்னடி பண்ணித்து?"

சங்கரன்குட்டி விசைப்பலகைமேல் தலையைக் கவிழ்த்துவிட்டான். முதுகு குலுங்கியது. நான் உதட்டைக் கடித்துக் கண்ணை மூடப்போனேன். மூடுமுன் மாமியைப் பார்த்தேன், அதுதான் வினை. அவள் சங்கரன்குட்டியின் முதுகைப் பார்த்துவிட்டாள். வயிறு குலுங்க ஆரம்பித்தது. கன்னம் உப்பியது. வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை, வரப்போகிறது, வந்தேவிட்டது. விழிஞ்ஞத்தில் டீக்கடையைச் சுற்றி இருபது காதுகள் நீண்டிருக்கும். மாமி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் திணித்து, இருமினாள். நீளமாக, தொண்டை கிழிய இருமினாள். திரும்பியபோது கண்ணில் நீர். குரல் மட்டும் கல். "போடி உள்ளே. இன்னிக்கு யாராவது வாசப்படி தாண்டினேளோ, காலை ஒடிச்சு அடுப்புல வெப்பேன்."

விளக்கு அணைந்தது. வீணை ஓடத் தொடங்கியது. மாமி நாற்காலியில் சரிந்து, வேண்டியமட்டும் சிரித்து முடித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இதையெல்லாம் எங்காத்து மாட்டுப்பொண்ணைப் பார்த்துச் சொல்லணும்னு எத்தனை வருஷமா வெச்சிண்டிருந்தேன் தெரியுமோ? பாவம், நீ வாங்கிண்டே."

நாளை முதல்

குறுப்பு சார் அறைக்குள் வந்தார். நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம். நிலையத்தோடு எங்கள் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது என்று அவர் சொல்லப்போகும் வாக்கியத்தை நானே மனத்துக்குள் தயாரித்துக்கொண்டிருந்தேன். அவர் கவிழ்ந்து கிடந்த தாளை எடுத்தார். வாசிக்கப்படாத அன்பு வசனங்கள்மேல் விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, கடைசிவரை வாசித்தார். பிறகு அதை நான்காக மடித்து என்னிடமே நீட்டினார். "மழை இல்லை, காற்று இல்லை, கடல் இல்லை. நான் வெட்டவேண்டிய ஒரு வார்த்தைகூட மாமி சொல்லலை. இந்த ஒற்றுமை நாளை முதல்னு வெச்சுக்கலாம், கேட்டோ."

வெறும் கூடை

இரவு முழுவதும் காற்று. ஊர் விளக்குகளை அணைத்திருந்ததால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. எங்கள் தெருவில் ஒரு தென்னை விழுந்தது. நான் படுக்கையில் கிடந்து அந்த இருமலையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்புக்கு ஒரு பொருள் உண்டு, ஏச்சுக்கு ஒரு பொருள் உண்டு. இருமலுக்கு அவர்கள் என்ன பொருள் எடுத்திருப்பார்கள்?

மறுநாள் காலை புஷ்பம் வந்தாள். காவலர் தாமாகவே எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் கூடையை அதில் வைத்தாள். கூடை காலி. என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே சொல்லத் தொடங்கினாள். "அந்த இருமலுக்கு என்ன அர்த்தம்னு கரையில ஒரே சண்டை பிள்ளே. எங்க வீட்டுக்காரரு, அது பாதிச் சிரிப்பாக்கும், பாதி தூரம் போவலாம்னு வள்ளத்துல கைய வச்சாச்சு. நான் விடல்ல. வாசப்படி தாண்டப்படாதுன்னு அந்தம்மா தொண்ட கிழியச் சொல்லுதது காதுல விழல்லியான்னு துடுப்பப் பிடுங்கி அடுப்படியில போட்டுட்டேன். விடியும்போ எங்க கூரைய காணல்ல."

வெறும் கூடையைத் தட்டிக் காட்டினாள். "மீன் இல்ல. ஆளுவ இருக்காவ." பிறகு அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். "இன்னைக்கு மாமியாள ஒரு பொடி சிரிக்கச் சொல்லு, பிள்ளே. வீட்டுல அரிசி இல்ல."

அன்று தந்தியும் கடல் அமைதி என்றது, ஒற்றுமையும் அமலுக்கு வந்துவிட்டது. மாமி தாராளமாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அதற்கு முந்தைய நாளின் ஏச்சும் எந்த நாடாவிலும் இல்லை. மாமியும் இல்லை. விழிஞ்ஞத்தில் இப்போது மலை மலையாகக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. என் கைபேசி மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டுகிறது. நான் அதைப் பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில், தெற்குச் சன்னலைத் திறந்து கொஞ்சம் காதுகொடுத்தும் பார்க்கிறேன்.

ஊரைச் சிரிக்கவைத்துச் சம்பளம் வாங்கிய அத்தனை வருடங்களில் நாங்கள் உருப்படியாகச் செய்தது, ஒரு சாயங்காலம் சிரிக்காமல் இருந்ததுதான்.